பைக்குள் நான் வைத்த வசனங்கள்

கர்த்தர் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன், சகோதர சகோதரிகளே. ஆனால் முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு இதை மட்டும் சொன்னால் இதுவும் ஒரு பொய்யாகப் போய்விடும். பொய் எனக்கு அலுத்துவிட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம் முழுவதும் என் மூத்த மகள் கிருபா ஜெபிக்கவில்லை. ஒரு நாள்கூட. குடும்ப ஜெபத்துக்கு வருவாள், பாயில் உட்காருவாள், எல்லாரும் கண்ணை மூடியிருக்க அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வயது. அவள் ஏன் ஜெபிக்கவில்லை என்று என் புருஷனுக்குத் தெரியாது, சபைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வெளியே விடாத மழை. கடல் கொந்தளிப்பு. கப்பல் வந்தாலும் ஏற முடியாது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அறை ஒன்றே ஒன்று; அதற்குள் அந்தப் பார்வைக்கு எதிரே நான் அடைபட்டுக் கிடந்தேன். ஓட இடமில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். என் பெயர் ஞானம்மாள். நாங்கள் சிலோனில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர்கள். சிலோன் சர்க்காரும் இந்தியா சர்க்காரும் ஒப்பந்தம் போட்டார்கள், கிளம்பு என்றார்கள், கிளம்பினோம். இந்தியாவில் ஒரு முகாமில் சில மாதம் கிடந்தோம். அந்தமானுக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கேயும் ரப்பர்தான் என்றார்கள். சென்னையில் கப்பல் ஏறி, போர்ட் பிளேயரில் இறங்கி, வேறு கப்பல் மாறி, கட்சால் தீவுக்கு வந்து சேர்ந்தோம். சர்க்கார் தோட்டம். என் புருஷன் தாசன் அதிகம் பேசாத மனுஷன். வீட்டுக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் நானே பேசிவிடுவேன். பிள்ளைகள் இரண்டு பேர். கிருபா, அவளுக்கு ஐந்து வயது இளையவள் ரூத்.

வந்த புதிதில் எனக்கு ஒரே பயம். சிலோனில் எங்களுக்குக் கோயில் இருந்தது, மணி இருந்தது, போதகர் இருந்தார். இங்கே ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை, அதுதான் சபை. போதகர் கப்பலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய காரியம். பிள்ளைகள் இந்தி பேசுகிறார்கள், சினிமாப் பாட்டுப் பாடுகிறார்கள், காட்டில் சுற்றுகிறார்கள். இதுகள் என்னவாகப் போகிறதோ என்று எனக்குச் சோறு இறங்காது. அதனால் ஓய்வுநாள் பள்ளியை நானே எடுத்து நடத்தினேன். பதினாறு பிள்ளைகள். என் கையெழுத்து நன்றாக இருக்கும், பாட்டு வரும், மிரட்டவும் தெரியும். டீச்சரம்மா ஆகிவிட்டேன்.

இனித்தான் விஷயம். புது வருஷத்தன்று கோயிலில் வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, வசனம் அச்சடித்தது, அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது அதுதான் என்று பீரோவில் ஒட்டி வைப்போமே, அது கட்சாலுக்கு எங்கிருந்து வரும்? நானே எழுதினேன். சவர்க்காரக் கட்டி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அட்டை அட்டையாக அழகாக எழுதி, ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கி, பிள்ளைகளைக் கண்ணை மூடி எடுக்கச் சொன்னேன்.

முதல் வருஷம் என்ன ஆயிற்று என்றால், பக்கத்து லயம் செல்லம்மாவின் மகன், வாயைத் திறந்தால் பொய் பேசுகிற பயல், அவனுக்கு ஆசீர்வாதமான ஆசீர்வாதமாக ஒரு வசனம் வந்தது. எங்கள் ரூத்துக்கு, அப்போது அவளுக்கு ஐந்து வயது, நியாயத்தீர்ப்பைப் பற்றி ஒரு கடுமையான வசனம் வந்தது. அதை ஏன் எழுதிப் போட்டாய் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. குழந்தை மூன்று நாள் அழுதது. ஆண்டவருக்கு என்மேல் கோபமா, ஆண்டவருக்கு என்மேல் கோபமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது அது ஞானம் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தட்டி மறைப்புக்குப் பின்னால் கூப்பிட்டேன். பையில் ஒரே ஒரு அட்டைதான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு எது வேண்டுமென்று நான் தீர்மானித்தேனோ அது. மற்றதெல்லாம் என் மடியில். "கண்ண மூடிக்க, ஆண்டவர் உனக்குன்னு வச்சிருக்கத எடு" என்பேன். பிள்ளை எடுக்கும். செல்லம்மா மகனுக்குப் பொய்யைப் பற்றி. ரூத்துக்குப் பயப்படாதே என்று. கிருபாவுக்குத் தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி. அவளுக்கு அது நன்றாக வேண்டியிருந்தது, என்னைப் போலவே வாய்.

அது பலித்தது! அதுதான் பெரிய கேடு. செல்லம்மா மகன் இரண்டு மாதம் பொய் பேசவில்லை. தாய்மார்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். நானும் கர்த்தருக்கே மகிமை என்று தலையைக் குனிந்து சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் அப்போது ஐந்தாம் வகுப்போடு சரி. கிருபா நன்றாகப் படிப்பாள். வாத்தியார் எழுதிப்போட்டு போர்ட் பிளேயரில் ஹாஸ்டல் இடம் வாங்கிக் கொடுத்தார். அவளோ போகமாட்டேன் என்று ஒரே பிடி. தனியாகக் கப்பலா, தெரியாத ஊரா, முடியாது. திட்டினேன், கெஞ்சினேன், அடிக்கக்கூடக் கை ஓங்கினேன். அசையவில்லை. புது வருஷம் வந்தது. எங்கே போனாலும் நான் கூட வருவேன் என்று ஆண்டவர் சொல்கிற வசனத்தை எழுதினேன். பைக்குள் போட்டேன். அவள் எடுத்தாள்.

வாசித்துவிட்டு அவள் முகம் மாறினதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அம்மா, ஆண்டவரே போகச் சொல்லிட்டாரும்மா" என்றாள். கண்ணில் தண்ணீர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியா?" என்றேன். முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் சொன்னேன்.

மே மாதக் கடைசி. கப்பலுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். துணி தேடினவள் என் தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கொப்பியை, நான் எழுதுகிற நோட்டை, எடுத்துவிட்டாள். அதில் பிள்ளைகளின் பெயரும், யாருக்கு என்ன வசனம், ஏன் என்பதும் டிசம்பரிலேயே எழுதி வைத்திருந்தேன். கிருபா என்ற பெயருக்கு நேராக, போர்ட் பிளேயர் போவதற்கு என்று எழுதியிருந்தது. நான் வாசலில் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். கொப்பியோடு வந்து நின்றாள்.

"பையில என் அட்டை மட்டுந்தான் இருந்திச்சா?"

"ஒன் நன்மைக்குத்தான் புள்ள" என்றேன்.

"போன வருசமுமா?"

நான் வாளியைத் தேய்த்தேன்.

"நான் ஆண்டவருன்னு நெனச்சேன்" என்றாள். "நீங்கதானா."

ஐயோ, அந்தச் சொல்! ஒரு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. கொப்பியைத் திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா என்னைய ஜெபம் பண்ணச் சொல்லாதீங்க. யாருகிட்ட பண்றதுன்னு தெரியல."

இப்படித்தான் அந்த ஜூன் தொடங்கியது. மழைக்குப் பால் வெட்டு இல்லை, எல்லாரும் அறைக்குள்ளேயே. புருஷன் ஒரு நாள் கேட்டார், "புள்ள ஏன் ஜெபிக்க மாட்டேங்குது?" தொண்டை கட்டியிருக்கு என்றேன். உடனே ரூத், "இல்லப்பா, அக்கா எங்கூட பாட்டுப் பாடுனாளே" என்றது. அதட்டி அடக்கினேன். ஒரு பொய்க்கு அடுத்த பொய்யை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஜெபிக்காமல் இல்லை. ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கப்பல் சீக்கிரம் வரட்டும், இவள் போய்விடட்டும் என்று ஜெபித்தேன். பெற்ற பிள்ளை கண்ணெதிரே இல்லாமல் போனால் போதும் என்று ஒரு தாய் ஜெபித்தாள். அந்தத் தாய் நான்தான்.

கப்பல் வந்தது. காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனோம். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதுவரை படகில்தான் போக வேண்டும். படகுக்கார நிக்கோபாரி அண்ணன் அலையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆஜ் நஹீ ஹோகா, தீதி. லெஹர் பஹுத் ஹை." அலை அதிகம், இன்றைக்கு ஆகாது. நான் விடவில்லை, கெஞ்சினேன். அவர் என் மகளைக் காட்டி, "பச்சி ஹை நா?" என்றார். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்கிறாயே என்ற அர்த்தம். கொஞ்ச நேரத்தில் கப்பல் ஊதிவிட்டுக் கார் நிக்கோபார் பக்கம் போய்விட்டது. பெட்டியோடு திரும்பி நடந்தோம்.

அந்த ஞாயிறு இன்னும் மோசம். செல்லம்மா சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். அவள் மகனுக்கு மலேரியா வந்து பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தான், உங்களில் பலருக்குத் தெரியும். அந்த வருஷ அட்டையில் சுகம் தருவேன் என்று வந்ததாம். அந்த அட்டையை அவன் தலைமாட்டில் வைத்து அழுது ஜெபித்தாளாம். காய்ச்சல் விட்டுவிட்டது. "ஆண்டவரு எம்புள்ளைக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு" என்று தேம்பினாள். எல்லாரும் திரும்பி என்னைப் பாசத்தோடு பார்த்தார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அவன் எப்போதும் சளியும் இருமலுமாகத் திரிகிறானே என்று அந்த வசனத்தை நான் போட்டது. கிருபாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக அவள் வெட்கப்பட்டாள்.

இனி எப்படி வாயைத் திறப்பது? சொன்னால் செல்லம்மாவின் விசுவாசம் போய்விடும், பதினாறு பிள்ளைகளின் விசுவாசமும் போய்விடும். சொல்லாவிட்டால் என் மகளின் விசுவாசம் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைப்பு. இரண்டு நாள் உபவாசம் இருந்தேன். அவள் மனதை மாற்றும் ஆண்டவரே, அவள் மனதை மாற்றும் என்று மன்றாடினேன். ஒன்றும் மாறவில்லை.

மாதக் கடைசியில் அடுத்த கப்பல் வந்தது. திரும்பவும் பெட்டி, திரும்பவும் கரை, திரும்பவும் அதே அலை. அந்தக் கப்பலும் போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நனைந்த பெட்டி புருஷன் தலையில். நான் சேற்றுப் பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உடம்பில் தெம்பில்லை, ஆத்திரம்தான் இருந்தது. ஏன் கேட்க மாட்டேன் என்கிறீர், நான் கேட்டதைத் தந்தால் என்ன என்று வாய்விட்டே கேட்டேன்.

கேட்டபோதுதான் உறைத்தது. கப்பலை அனுப்பும், அவளை மாற்றும், இதைச் செய்யும், அதைச் செய்யும் என்று இந்த ஒரு மாதமும் ஆண்டவருக்கு முன்னாலும் அந்தப் பையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே அட்டை. அவர் எதை எடுக்க வேண்டும் என்பதையும் நானே எழுதி வைத்திருந்தேன்.

அங்கேயே அழுதேன். அன்றுதான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் தயார் செய்யாமல் ஜெபித்தேன். ஆண்டவரே, எனக்கு வழி தெரியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, நீர் செய்கிறதைச் செய்யும். அவ்வளவுதான். சத்தம் எதுவும் கேட்கவில்லை, வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. ஆனால் மார்பில் ஒரு மாதமாக இருந்த இறுக்கம் விட்டது. எழுந்தேன். புருஷனைக் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், "புள்ளைங்க முன்னாடி சொல்லிரு. நான் கூட நிக்கிறேன்." அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த மனுஷனிடமிருந்து அந்த இரண்டு சொல் வந்ததே, அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பதில்.

ஞாயிறு எழுந்து நின்றேன். அவரும் பக்கத்தில் நின்றார். இங்கே இருக்கிற நிறையப் பேர் அன்றைக்கும் இருந்தீர்கள். பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன். அட்டைகளை ஆண்டவர் எடுத்துத் தரவில்லை, நான்தான் வைத்தேன், ஆண்டவர் பேரைச் சொல்லி உங்களை ஏமாற்றினேன், மன்னித்துவிடுங்கள்.

செல்லம்மா எழுந்தாள். முகமெல்லாம் சிவந்து, "அப்ப எம்புள்ளைக்குக் காச்ச விட்டதும் நீங்க பண்ணதுதானா அக்கா?" என்றாள்.

"இல்லம்மா. வசனத்தப் போட்டது நான். காச்சல என்னால நிறுத்த முடியுமா? அது என்னால ஆகாது" என்றேன்.

கிருபா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரு மாதமாகப் பார்த்த பார்வை இல்லை அது. எதையோ யோசிக்கிற பார்வை.

எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. செல்லம்மா மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள், நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. ரப்பர் பால் ஸ்டோரில் வேலை செய்கிற நம் சபை மூப்பர் அண்ணன், "கொஞ்ச காலத்துக்கு நீங்க பின்னால உக்காருங்க தங்கச்சி, வேற ஆள் புள்ளைங்களப் பாத்துக்கட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அன்று மத்தியானம் பல வாரத்துக்குப் பிறகு சோறு ருசித்தது. வெட்கம் இருந்தது, இறுக்கம் இல்லை.

வீட்டில் கிருபா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் வாயை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய அற்புதம் என்று. குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தால் சும்மா இருப்பாள், நாங்களும் சும்மா இருப்போம், பிறகு ரூத் ஜெபிக்கும்.

ஜூலை நடுவில் கடல் ஒரு நாள் இறங்கிக் கொடுத்தது. கப்பல் வந்தது. அவள் தானாகவே பெட்டியை இழுத்து வாசலில் வைத்தாள். "நான் போறேம்மா. அட்டைக்காக இல்ல. எனக்குப் படிக்கணும்" என்றாள். சரி புள்ள என்றேன்.

கரையில் படகு தயாராக நின்றது. அவள் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்ப வேண்டும் என்று எனக்கு நெஞ்சு துடித்தது. வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. அடக்கிக்கொண்டு, "நான் ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. "நான் பண்றேன்."

கண்ணை மூடினாள். நான் சொல்லிக்கொடுத்த ஜெபம் எதுவும் அவள் வாயில் வரவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஆண்டவரே, எனக்கு ஒங்கள இன்னும் சரியாத் தெரியாது. அம்மா சொன்னதுதான் தெரியும். அதுல எது நீங்க, எது அம்மான்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. அங்க போயி நானே பழகிக்கிறேன். அந்தப் பையனுக்குக் காச்ச விட்டது நீங்கதான்னு நெனைக்கிறேன். அம்மாவப் பாத்துக்கங்க. அவங்க ரொம்பப் பயப்படுவாங்க. ஆமென்."

படகுக்காரரும் தொப்பியை எடுத்துவிட்டு ஆமென் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஜெபம் தெரியும். நான் சத்தமாக அழுதேன். அவள் படகில் ஏறி, பெட்டிமேல் உட்கார்ந்து, கப்பல் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

இது நடந்து ஐந்து வருஷமாகிறது. அவள் இப்போது போர்ட் பிளேயரில் மெட்ரிகுலேஷன் எழுதப்போகிறாள். மாதம் ஒரு கடிதம் வரும். ஹாஸ்டலில் தினமும் ஜெபிக்கிறாள் என்று எழுதவில்லை. சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை, ஆனால் பேசுகிறேன் அம்மா, அவரும் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாள். எனக்கு அது போதும். செல்லம்மாவும் நானும் இப்போது ஒரே வரிசை மரங்களில் பால் வெட்டுகிறோம், ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபிக்கிறோம்.

பிள்ளை பெற்றவர்களே, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுங்கள், முழங்கால் போடச் சொல்லிக் கொடுங்கள், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் உங்கள் ஆசையைச் சொல்லும்போது, இது அம்மாவின் ஆசை, இது அப்பாவின் பயம் என்று சொல்லுங்கள். அவர் பெயரைப் போட்டுச் சொல்லாதீர்கள். பிள்ளை கையைவிட்டுப் போகிறதே என்று அடைபட்டு நிற்கிற தாய் யாராவது இங்கே இருந்தால், உன் பயத்தை உள்ளபடி அவரிடம் சொல்லிப் பார், அம்மா. என் மகள் என்னை நம்பாமல் போனாள். நான் சொல்லிக் கொடுத்த எதையும் நம்பாமல் போனாள். அதற்குப் பிறகும் அவள் அவரைக் கண்டுபிடித்தாள். அதில் என் கை இல்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாக உங்கள் முன் சொல்கிறேன்: அவர் இருக்கிறார்.